ஃபயர்வாலே விழுந்தால் என்ன செய்வது? சில வருடப் பயன்பாட்டுக்குப் பின் எழுதுவது

முன்பு என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவர் இப்போது வேறொரு அலுவலகத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறார். "நீங்க வச்சிருக்கிற அதே ஃபயர்வால் மாடல் விலை இறங்கியிருக்கு, எடுத்துடலாமாண்ணா?" என்று கேட்டார். அலுவலக நெட்வொர்க்குக்கும் இன்டர்நெட்டுக்கும் நடுவில் நின்று, தீயதைத் தடுக்கும் பெட்டிதான் ஃபயர்வால். அவரிடம் போனில் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பிராண்டு பெயரைச் சொல்லப்போவதில்லை. என் கோபத்துக்குக் காரணமான குறை ஒரு கம்பெனியோடு நிற்பதில்லை.

வேகம், போர்ட் கணக்கெல்லாம் டேட்டாஷீட்டில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது இதன் டிஎன்எஸ் பாதுகாப்பு, அதாவது இணையதளப் பெயரைக் கொடுத்து முகவரி கேட்கும் டிஎன்எஸ் கேள்விகளைக் கண்காணித்துத் தீயவற்றைத் தடுக்கும் வசதி. கணக்குப் பிரிவில் ஒரு கணினி, ஆள் இல்லாத நள்ளிரவில், அர்த்தமே இல்லாத எழுத்துக்கோவைகளாக டொமைன் பெயர்களை வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. தீய மென்பொருள் புகுந்த கணினி இப்படி நடந்துகொள்ளும். ஆன்டிவைரஸ் வாயே திறக்கவில்லை. ஃபயர்வால் அத்தனையையும் தடுத்து, எந்தக் கணினி, எந்த நேரம், எந்தப் பெயர் என்று லாகில் (நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவில்) எழுதி வைத்திருந்தது. காலையில் வந்ததும் அந்தக் கணினியின் கேபிளைப் பிடுங்க முடிந்தது. இந்த ஒரு வசதிக்காகவே கொடுத்த பணம் தகும்.

அதே பெட்டிதான் ஒரு வேலைநாள் மதியம் தானாக ரீபூட் ஆனது. எழுந்தது, கொஞ்ச நேரத்தில் மறுபடி விழுந்தது. கரண்ட் சரி, லைன் சரி. டீலரின் சப்போர்ட்டில் இருந்தவர் இன்டர்நெட் கம்பெனியைப் பார்க்கச் சொன்னார். பிறகு வந்த ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) குறிப்பில்தான் காரணம் தெரிந்தது. குறிப்பிட்ட விதமாக அமைந்த ஒரு பாக்கெட்டை (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டை) பிரித்துப் படிக்கும்போது சாஃப்ட்வேர் முறிந்துவிடுமாம்.

நாங்கள் வாங்கியிருந்தது ஜோடி. ஒன்று போனால் மற்றொன்று எடுத்துக்கொள்ளும் என்று சொல்லித்தான் இரட்டை விலைக்கு நிர்வாகத்திடம் ஒப்புதல் வாங்கினோம். பவர் சப்ளை எரிந்தால் அது சரி. ஆனால் இரண்டிலும் ஓடுவது ஒரே வெர்ஷன். முதல் பெட்டி விழும், இரண்டாவது பொறுப்பேற்கும், அந்தப் பாக்கெட்டை அனுப்பிய கணினி பதில் வராததால் அதையே திரும்ப அனுப்பும், இரண்டாவதும் விழும். விற்க வரும் யாரும் இதைச் சொல்வதில்லை.

இது எங்களுக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. 2024 டிசம்பர் கடைசியில் ஃபயர்வால் தயாரிக்கும் பாலோ ஆல்டோ நிறுவனம், தன் ஃபயர்வால்களில் ஓடும் பான்-ஓஎஸ் மென்பொருளில் சிவிஇ-2024-3393 என்ற பதிவெண் கொண்ட பாதுகாப்பு ஓட்டையை அறிவித்தது. உள்நுழைவு எதுவும் தேவையில்லை. ஃபயர்வால் வழியாக ஒரு தீய டிஎன்எஸ் பாக்கெட் போனால் போதும், ரீபூட். திரும்பத் திரும்ப அனுப்பினால் வழக்கமான வேலையை நிறுத்திவிடும் மெயின்டனன்ஸ் மோடில் போய் உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு ஆள் போய்த்தான் மீட்க வேண்டும். ரேக் முன்னால் தரையில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப், கன்சோல் கேபிள், 9600 பாட் வேகத்தில் வரிவரியாக எழுத்து வருவதைப் பார்த்துக்கொண்டு, மேலே மொத்த அலுவலகமும் காத்திருக்க வேலை செய்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும்.

பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) போடும்வரை தற்காலிக வழியாக அவர்கள் சொன்னதுதான் என்னை அதிகம் உறுத்தியது. டிஎன்எஸ் பாதுகாப்பின் எல்லாப் பிரிவுகளுக்கும் லாகை நிறுத்திவிட வேண்டும். ஏனென்றால் அந்த லாக் ஓடினால்தான் ஓட்டையும் வேலை செய்யும். எந்த லாகுக்காக லைசென்ஸ் வாங்குகிறோமோ அதையே அணைக்கச் சொல்வது! பான்-ஓஎஸ் 11.0 வெர்ஷனில் இருந்தவர்கள் பாடு இன்னும் மோசம். அதன் ஆயுள் அந்த நவம்பரிலேயே முடிந்ததால் அதற்குத் திருத்தமே இல்லை. வேறு வெர்ஷனுக்கு மாறியாக வேண்டும்.

நியாயமாகப் பேசினால், முகம் தெரியாதவர்கள் அனுப்பும் பாக்கெட்டுகளை எல்லாம் பிரித்துப் பார்க்கும் மென்பொருளில் பிழையே இருக்காது என்று எதிர்பார்க்க முடியாது. 2016இல் டென்மார்க்கின் டிடிசி தொலைத்தொடர்பு நிறுவனம் கண்டறிந்து வெளியிட்ட பிளாக்நர்ஸ் என்ற தாக்குதல் முறையில், நொடிக்கு 15 முதல் 18 மெகாபிட் என்ற சிறிய அளவில் வந்த ஐசிஎம்பி (நெட்வொர்க்கின் பிழைச் செய்திகளைச் சொல்லும்) பாக்கெட்டுகளே சில பெரிய பிராண்டு ஃபயர்வால்களைத் திணறடித்தன. பாலோ ஆல்டோ மறைக்காமல் அறிவித்ததும் பேட்ச் கொடுத்ததும் பாராட்ட வேண்டியவை.

ஆனால் "சர்வீஸ் மட்டும்தான் நிற்கும், டேட்டா திருடு போகாது" என்று ஆறுதல் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2019 மார்ச் 5 அன்று அமெரிக்காவின் ஒரு மின்சார நிறுவனத்தில், ஏற்கெனவே தெரிந்த ஃபர்ம்வேர் ஓட்டை வழியாக ஃபயர்வால்கள் சுமார் 10 மணி நேரம் ரீபூட் ஆகிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு முறையும் 5 நிமிடத்துக்குள்தான் துண்டிப்பு. மின்சாரம் நிற்கவில்லை. ஆனால் அந்த ஒவ்வொரு நிமிடமும் கட்டுப்பாட்டு மையம் உற்பத்தித் தளங்களோடு தொடர்பில்லாமல் இருந்தது. இதை "மட்டும்தான்" என்று எப்படிச் சொல்வது?

அப்புறம் பணம். அவர்கள் செய்த பிழைக்கான திருத்தத்தைத் தரவிறக்கவே சப்போர்ட் ஒப்பந்தம் உயிரோடு இருக்க வேண்டும். பெட்டியின் விலை இறங்கியிருக்கலாம், வருடாந்திரப் புதுப்பிப்பு இறங்கவில்லை.

தம்பியிடம் வேண்டாம் என்றே சொன்னேன். அங்கே நெட்வொர்க்குக்கு அவர் ஒருவர்தான். பெட்டி ராத்திரி விழுந்தால் ஓடுவதற்கு வேறு ஆள் இல்லை. எங்கள் லைசென்ஸைப் போன வாரம் மறுபடியும் புதுப்பித்தோம். அந்த டிஎன்எஸ் லாக் இல்லாமல் இந்த நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ள நான் தயாராக இல்லை.