பாரம்பரிய அரிசி விற்பவருக்கு எது தோது: இன்ஸ்டாகிராமா, வாட்ஸ்அப் பிசினஸா?

மன்னார்குடியில் பாரம்பரிய நெல் வாங்கி, அரைத்து, ஐந்து கிலோ, பத்து கிலோ பைகளாகக் கட்டி விற்கும் சிறிய கடை எங்களுடையது. மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருப்புக் கவுனி, தூயமல்லி ஆகிய நான்கும்தான் அதிகம் போகும். வாங்குபவர்களில் பெரும்பாலோர் சென்னைக்கும் கோவைக்கும் குடிபெயர்ந்துவிட்ட டெல்டாக்காரர்கள். அவர்களை எட்டுவதற்காக ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், கடைக்காரர்களுக்கான வாட்ஸ்அப் செயலியான வாட்ஸ்அப் பிசினஸ் மூன்றையும் இரண்டு ஆண்டுகள் சேர்த்தே நடத்தினோம். சென்ற தை அறுவடைக்குப் பிறகு உழைப்பில் பெரும்பகுதியை வாட்ஸ்அப்புக்கு மாற்றிவிட்டோம்.

மூன்றும் மெட்டா என்ற ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவை. கணக்குத் தொடங்க எதற்கும் கட்டணம் இல்லை. ஃபேஸ்புக்கில் ஊர்க் குழுக்கள் வழியாகவும், சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் உறவினர்கள் வழியாகவும் நல்ல பேச்சு கிடைத்தது. அரிசி அதிகம் போகவில்லை. காசு கட்டிப் பதிவைப் பரப்புவதை இரண்டு முறைதான் செய்தோம். விளம்பரத் தொகைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு மேல், அந்த இரண்டு முறையை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

இன்ஸ்டாகிராமின் பலம் நம்மை அறியாதவருக்கும் நம்மைக் காட்டுவது. 2020 ஜூலையில் ரீல்ஸ் என்னும் குறும் வீடியோக்கள் இந்தியாவுக்கு வந்த பிறகு அந்தப் பலம் பெருகியது. அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, என் அத்தை காலால் வரி வரியாகத் துழாவிக்கொண்டே போகும் அரை நிமிடக் காட்சியை ஒருமுறை போட்டோம். எங்கள் மற்ற பதிவுகள் எதற்கும் இல்லாத அளவுக்கு அதைப் பார்த்தார்கள், விலை கேட்டார்கள். வாங்கியவர்கள் சிலரே. அந்த அரை நிமிடத்துக்கு ஒரு முற்பகல் முழுவதும் செலவானது. பத்து நாள் பதிவு போடாமல் விட்டால் அடுத்ததைப் பார்ப்பவர் எண்ணிக்கை குறைந்துவிடுவதையும் கண்டோம். காட்டுவதற்கு எல்லாம் இருக்கும் தை, மாசி மாதங்களில்தான் நெல் மூட்டைகள் வந்து இறங்குகின்றன. அப்போது கைபேசியைப் பிடித்து நிற்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது அரிசியின் குணம்தான். தவிடு நீக்காத அரிசியில் எண்ணெய்ப் பசை இருப்பதால், நாள்பட்டால் காறல் வாடை வரும்; வண்டும் சீக்கிரம் விழும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் ஒரு மாதத்துக்கு வேண்டியதைத்தான் வாங்குவார்கள், தீர்ந்ததும் திரும்ப வருவார்கள். இப்படிப்பட்ட பொருளை விற்பவருக்குப் புதியவர் நூறு பேரின் பார்வையைவிட, சென்ற மாதம் வாங்கிய பத்துப் பேரை மறக்காமல் இருப்பதே பெரிய வேலை. அந்த வேலைக்கு வாட்ஸ்அப் பிசினஸ் மிகவும் பொருந்துகிறது. நான்கு ரகங்களையும் விலையோடு கேட்டலாக்கில், அதாவது அதிலுள்ள பொருள் பட்டியலில், ஏற்றிவிட்டால், விலை கேட்பவருக்குத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொருவர் பெயருக்கும் ‘பணம் வந்தது’, ‘அனுப்பியாயிற்று’ என்று லேபிள் ஒட்டிவைக்கலாம். தாம்பரத்து அக்கா ஒருவர் மாதம் பிறந்ததும், “தம்பி, போன மாசம் அனுப்புனதையே அனுப்பிடுப்பா” என்று குரல் பதிவு அனுப்புவார். அவர் என்ன வாங்கினார் என்பது அந்த உரையாடலிலேயே மேலே இருக்கும். தேட வேண்டியதே இல்லை.

இதில் ஒரு முடிச்சு உண்டு. அதை அவிழ்க்காமல் இறங்கினால் பயன் இல்லை. ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேரைத்தான் சேர்க்க முடியும்; அவர்களிலும் நம் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். முதல் மாதங்களில் இது தெரியாமல் அனுப்பிவிட்டு, பதில் ஏன் வரவில்லை என்று கவலைப்பட்டோம். பிறகு ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு சிறிய அட்டை வைத்தோம்: “மாப்பிள்ளைச் சம்பாவை முதல் நாள் இரவே ஊறவைக்கவும். கஞ்சி, இட்லி, புட்டு செய்முறைக்கு இந்த எண்ணைச் சேமித்துச் செய்தி அனுப்பவும்.” வேகவில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தக் குறிப்பு உண்மையாகவே தேவைப்பட்டது; எண்ணும் சேமிக்கப்பட்டது. தினமும் ‘காலை வணக்கம்’ அனுப்பிய தவறையும் அப்போதே நிறுத்தினோம். இப்போது மாதத்துக்கு ஒரே செய்தி, சம்பளம் வருவதற்கு முன், 27ஆம் தேதி வாக்கில் போகிறது. அரைத்த அன்று முறத்தில் கொட்டிய அரிசியின் படத்தைத் தேதியோடு ஸ்டேட்டஸில் வைக்கிறோம். 24 மணி நேரம்தான் நிற்கும், அதுவே போதும். பின்தொடர்பவர்களுக்கு அறிவிப்பு மட்டும் அனுப்பும் வாட்ஸ்அப் சேனல் தொடங்கச் சிலர் சொன்னார்கள். பின்தொடர்பவர் யாரென்று எண்ணோடு தெரியாது, அவர் அங்கேயே நம்மோடு உரையாடவும் முடியாது என்பதால் எங்களுக்கு அது ஒத்துவரவில்லை.

நாச்சியார்கோவில் குத்துவிளக்கோ தஞ்சாவூர் ஓவியமோ விற்பவருக்கு இந்தக் கணக்கு மாறக்கூடும். வாழ்நாளில் ஓரிரு முறை வாங்கும் பொருளுக்குப் புதிய கண்கள்தான் வேண்டும், அழகும் கண்ணில் பட வேண்டும். அந்த இடத்தில் இன்ஸ்டாகிராமே முந்தும் என்று நினைக்கிறேன், ஆனால் அந்தத் தொழிலை நான் செய்ததில்லை. எங்களுக்கும் புதியவர்களில் சிலர் அங்கிருந்துதான் வருகிறார்கள். அதனால் வாரம் ஒரு படம் போட்டு, முகப்பில் வாட்ஸ்அப் இணைப்பை வைத்திருக்கிறோம்.

மாற நினைப்பவர் கடைக்கெனத் தனி சிம் ஒன்று வாங்குவது நல்லது. வீட்டுப் பேச்சும் ஆர்டரும் ஒரே எண்ணில் கலந்தால் இரண்டும் தவறும். நாங்கள் வாடிக்கையாளர் எண், ரகம், அனுப்பிய தேதி மூன்றையும் நீள நோட்டிலும் எழுதி வைக்கிறோம். ஐப்பசி மழையில் கைபேசி நனைந்து நின்றுபோன நான்கு நாட்களும், அந்த நோட்டைப் பார்த்து வேறொரு கைபேசியில் ஒவ்வொருவராக அழைத்துத்தான் மூட்டைகளை அனுப்பினோம்.