ஆம்னிபேக் 350: பெயரைவிட எண்ணைக் கவனிக்க வேண்டிய மருந்து

ஸ்கேன் படத்தில் உள்ளுறுப்புகளும் இரத்தக் குழாய்களும் தெளிவாகத் தெரிய உடலுக்குள் செலுத்தப்படும், ‘டை’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அயோடின் மருந்துகளில் ஆம்னிபேக் நன்கு அறியப்பட்ட ஒன்று. இதிலுள்ள மருந்து அயோஹெக்ஸால். 350 என்பது ஒரு மில்லிலிட்டரில் உள்ள அயோடின் எத்தனை மில்லிகிராம் என்பதைக் குறிக்கிறது. இரத்தக் குழாய்களைத் துலக்கமாகக் காட்டுவதில் இதன்மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. சற்றே கெட்டியான திரவம்தான்: 20 டிகிரியில் 20.4 சென்டிபாய்ஸாக (பாகுத்தன்மையை அளக்கும் அலகு) இருக்கும் அதன் பாகுத்தன்மை, 37 டிகிரிக்குச் சூடாக்கினால் 10.4 ஆகக் குறைந்துவிடுகிறது. ஆகவே குப்பியை வார்மரில் (சூடாக்கும் பெட்டியில்) வைக்காமல் இன்ஜெக்டரில் (மருந்தைச் செலுத்தும் கருவியில்) ஏற்றிவிட்டு, மெல்லிய கேனுலா (கையில் பொருத்தும் ஊசிக்குழாய்) வழியே மருந்து ஏறவில்லை என்று சலித்துக்கொள்வதில் நியாயமில்லை.

பழைய அயனி வகை (கரைந்ததும் மின்னேற்றமுள்ள துகள்களாகப் பிரியும்) மருந்துகளின் சவ்வூடு செறிவு, அதாவது திரவத்தில் கரைந்துள்ள துகள்களின் அடர்த்தி, கிலோவுக்கு 1500 மில்லி ஆஸ்மோலைத் தாண்டியிருந்தது. ஆம்னிபேக் 350-இல் அது 844. இரத்தத்தின் அளவு ஏறத்தாழ 290 என்பதை நினைத்தால், ‘குறைந்த செறிவு’ என்ற அடைமொழி பழையவற்றோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுவது என்பது விளங்கும்.

நான் இங்கே சற்று நின்று பேச விரும்புவது, அரிதாக மூளையைத் தொடும் விளைவைப் பற்றி. இதயக் குழாய் ஆஞ்சியோகிராமுக்குப் பின் நோயாளிக்குத் தற்காலிகமாகப் பார்வை போனதாக 1970-இலேயே மருத்துவ ஏட்டில் பதிவாகியிருக்கிறது. டை, இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைக் கடந்து, பெரும்பாலும் மூளையின் பின்பகுதிக்குள் கசிவதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. பரிசோதனை முடிந்த சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ கண் இருட்டுதல், குழப்பம், வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி ஆகியவை தோன்றலாம். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாட்களில் அவை மறைந்துவிடுகின்றன. கை நரம்பில் ஊசி போட்டு எடுக்கும் சாதாரண சி.டி.யைவிட, தமனிக்குள் நேரடியாக டை செலுத்தும் ஆஞ்சியோகிராமில்தான் இது கூடுதலாகப் பதிவாகியுள்ளது.

சங்கடம் என்னவென்றால், அப்போது எடுக்கும் சி.டி.யில் கசிந்த டையும் வெள்ளை, இரத்தக் கசிவும் வெள்ளை. இரு வேறு ஆற்றலுள்ள எக்ஸ் கதிர்களால் படமெடுக்கும் இரட்டை ஆற்றல் சி.டி. இருந்தால் அயோடினை இரத்தத்திலிருந்து பிரித்துக் காட்டும். இல்லாத இடத்தில் எம்.ஆர்.ஐ. உதவும், அல்லது ஒருநாள் கழித்து மீண்டும் படம் எடுத்து வெண்மை வடிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டியிருக்கும். அதே வேளையில் அடைப்பினால் வரும் பக்கவாதம் அல்ல என்பதையும் உறுதிசெய்தாக வேண்டும். டை செலுத்திய நேரத்தையும் அளவையும் கோப்பில் ஒழுங்காக எழுதி வைத்திருப்பவரின் அருமை அன்றைக்குத்தான் தெரியும்.

இரத்தத்துக்குச் சம அளவுச் செறிவு கொண்ட விசிபேக் என்ற இன்னொரு டைக்கு, அதாவது அயோடிக்ஸனாலுக்கு, மாறினால் போதுமா என்று சிலர் கேட்பதுண்டு. அதன் செறிவு 290 என்பது உண்மை. ஆனால் அதைப் பயன்படுத்திய பிறகும் இதே மூளைப் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. ஆகவே இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் மாறச் சொல்ல மாட்டேன்.

நான் மதிப்பெண் குறைப்பது வேறோர் இடத்தில். ஆம்னிபேக் என்ற ஒரே பெயரில் 140, 180, 240, 300, 350 எனப் பல எண்கள் உள்ளன. அமெரிக்க மருந்துக் குறிப்பேட்டின்படி தண்டுவட நீருக்குள் செலுத்தத் தக்கவை 180, 240, 300 மட்டுமே. 140, 350 இரண்டும் கூடாது. தவறிச் செலுத்தினால் வலிப்பு, மூளை வீக்கம், கோமா, மரணம் வரை நேரலாம் என்று அக்குறிப்பேடு கட்டமிட்டு எச்சரிக்கிறது. இவ்வளவு பெரிய வேறுபாட்டை ஓர் எண்ணின் பொறுப்பில் மட்டும் விட்டிருப்பது எனக்கு உவப்பாக இல்லை.

படத்தின் தரத்துக்கு ஐந்துக்கு ஐந்து, பெயரிட்ட முறைக்கு மூன்று. மைலோகிராம் (தண்டுவட நீருக்குள் டை செலுத்தி எடுக்கும் படம்) நடக்கும் நாளில் 350 குப்பிகளை அந்த அறைக்குள்ளேயே கொண்டுவராமல் இருப்பது நல்லது.