நாய், பூனை ஓமோன் நோய்க் கற்கைநெறி: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கடந்த வாரம் இந்த இணையவழிக் கற்கைநெறியின் கட்டணத்தைக் குறைத்திருக்கிறார்கள். பேராதனையில் எனக்குச் சில ஆண்டுகள் பின்னால் படித்து, இப்போது தெஹிவளையில் சிகிச்சை நிலையம் நடத்தும் தம்பி ஒருவர், "அண்ணா, நீங்கள் மூன்று வருடமாக இதில் இருக்கிறீர்கள், நான் சேரலாமா?" என்று கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாததால் இதை எழுதுகிறேன். பாடங்கள் எத்தனை, சான்றிதழ் உண்டா என்பவை எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

நாட்டின் ஒரே மிருக வைத்திய பீடம் பேராதனையில் இருக்கிறது. நான் அங்கே படித்த காலத்தில் எங்கள் கவனம் பெரும்பாலும் பசுவிலும் எருமையிலும் கோழியிலும்தான் இருந்தது. கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் நிலையம் தொடங்கிய பின், மேசைக்கு வரும் வயதான நாய்களின் அதிரீனல் சுரப்பியை (சிறுநீரகத்தை ஒட்டியிருப்பது) பற்றியோ, மெலிந்துகொண்டே போகும் பூனைகளின் கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியைப் பற்றியோ கேட்டுத் தெளிய அருகில் ஆளில்லை. அந்த இடத்தை இக்கற்கைநெறி நிரப்பியது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

குறிப்பாகத் தைரொயிட் பாடம். வேறொரு நோயால் வாடும் நாயின் குருதியில் தைரொக்சின் (தைரொயிட் சுரக்கும் ஓமோன்) அளவு, சுரப்பியில் பழுதில்லாமலே இறங்கும். ஸ்டீரொய்ட் மருந்துகளும் வலிப்புக்குத் தரும் பீனோபார்பிட்டோனும் அதை இறக்கும். ஆகவே அந்த ஒற்றை எண்ணை நம்பி ஆயுள் முழுவதற்கும் மாத்திரை எழுதக் கூடாது என்பதை விரிவுரையாளர் எடுத்துக்காட்டுகளோடு விளக்குகிறார். அதைக் கேட்ட மறுநாளே என் பழைய கோப்புகளைப் புரட்டினேன். இரண்டு நாய்களுக்கு மாத்திரையை நிறுத்தி ஆறு வாரம் கழித்து மீண்டும் சோதித்தோம். இரண்டிலும் சுரப்பி நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது. நேரடிக் கேள்வி நேரம் நியூயோர்க்கின் இரவு 8 மணிக்கு, அதாவது நமக்கு மறுநாள் காலை 5.30க்கு, அவர்களின் குளிர்காலத்தில் 6.30க்கு நடக்கும். கடற்கரைப் பாதையில் ரயில் கடக்கும்போது ஒலிவாங்கியை மூடிக்கொண்டு கேட்ட அந்தக் காலைகளை நான் விரும்பினேன்.

என் மனத்தாங்கல் அலகுகளைப் பற்றியது. அதிரீனல் சுரக்கும் ஓமோனான கோர்ட்டிசோலும் தைரொக்சினும் எல்லாப் பாடங்களிலும் டெசிலீற்றருக்கு மைக்ரோகிராம் என்ற அமெரிக்க அலகில் மட்டுமே தரப்படுகின்றன. நான் மாதிரி அனுப்பும் ஆய்வுகூடம் கோர்ட்டிசோலை லீற்றருக்கு நனோமோல் என்று தருகிறது. அதே தாளில் குளுக்கோசை மட்டும் டெசிலீற்றருக்கு மில்லிகிராம் என்று தருகிறது. அமெரிக்க எண்ணை நனோமோலாக்க, கோர்ட்டிசோலுக்கு 27.6ஆல் பெருக்க வேண்டும், தைரொக்சினுக்கு ஏறத்தாழ 12.9ஆல். கணக்கு எளிதுதான், ஆனால் அதைச் செய்ய வேண்டும் என்ற நினைவு இரவு பதினொரு மணிக்கு வருவதில்லை.

சென்ற ஆண்டு நடுத்தர வயதுப் பெண் நாய் ஒன்றை ஓர் ஆசிரியை தூக்கி வந்தார். ஆறு மாதத்தில் மூன்றாவது முறையாக வாந்தியும் தளர்ச்சியும். ஒவ்வொரு முறையும் சேலைன் ஏற்றியதும் எழுந்து நடந்துவிடும். சோடியம் 128, பொட்டாசியம் 6.1. இரண்டின் விகிதம் 21, அதாவது சந்தேக எல்லையான 27க்குக் கீழே. அதிரீனல் போதிய ஓமோனைச் சுரக்காத அடிசன் நோயை நினைக்க இவையே போதும். கோர்ட்டிசோல் அனுப்பினேன், 38 என்று வந்தது. பாடக் குறிப்பில் நான் சிவப்பில் கோடிட்டிருந்த வரி, அடிப்படைக் கோர்ட்டிசோல் 2க்கு மேல் இருந்தால் அடிசன் நோய்க்கு வாய்ப்பு மிகக் குறைவு என்பது. 38, 2ஐ விட எவ்வளவோ பெரியது என்று மனம் ஒப்புக்கொண்டது. அறிக்கையில் 'குறைவு' என்ற அடையாளம் இருந்தது. ஆனால் அது மனிதருக்கான எல்லையை வைத்து இடப்படுவது, நலமான நாய்க்கும் அப்படி வரலாம் என்பதால் அதைப் பொருட்படுத்தாமல் கடந்தேன். உண்மையில் அந்த 2 இந்த அலகில் 55. 38 என்பது 1.4க்கும் குறைவு. நோயை விலக்கவே முடியாத எண்ணை வைத்து நோயை விலக்கி, நாயை வீட்டுக்கு அனுப்பினேன்.

பதினொரு நாளில் அது எழுந்து நிற்க முடியாத நிலையில் திரும்பி வந்தது. அதிரீனலைச் சுரக்கத் தூண்டும் செயற்கை ஏசிடிஎச் ஊசி ஏற்றி, ஒரு மணி நேரம் கழித்து எடுத்த குருதியிலும் கோர்ட்டிசோல் ஏறவில்லை. குறைந்த ஓமோன்களுக்கு ஈடாக ஃபுளூட்ரோகோர்ட்டிசோனும் பிரெட்னிசொலோனும் தொடங்கி, நாய் பிழைத்துவிட்டது. தவறு என்னுடையது, அதை அந்த ஆசிரியையிடமும் மறைக்கவில்லை.

ஆனாலும் என் கோபம் தீரவில்லை. இதே கற்கைநெறி இன்சுலின் சிரிஞ்சுக்காக அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறது. யூ-100 இன்சுலினை (மில்லிலீற்றருக்கு 100 அலகு) யூ-40 சிரிஞ்சில் (40 அலகு மருந்துக்கானது) அதன் கோட்டைப் பார்த்து எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகும், பூனை வலிப்பு வந்து சாகலாம் என்று படம் வரைந்து காட்டுகிறார்கள். அந்தப் பாடத்துக்குப் பிறகு, பூனை வளர்ப்பவர் தன் சிரிஞ்சைக் கொண்டுவந்து என் முன்னால் ஒரு முறை மருந்தை எடுத்துக் காட்டாமல் நான் யாரையும் அனுப்புவதில்லை. எண்ணையும் அளவையும் குழப்பினால் உயிர் போகும் என்று இவ்வளவு அக்கறையோடு கற்பிப்பவர்கள், இரண்டரை மடங்குக்குக் காட்டிய கவனத்தை இருபத்தேழு மடங்குக்கு ஏன் காட்டவில்லை? அமெரிக்காவுக்கு வெளியே பல நாடுகளில் நனோமோல்தான் நடைமுறை என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல.

மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டு கடிதங்களுக்கும் நன்றி தெரிவித்துப் பதில் வந்தது. மூன்றாவதுக்கு, அலகு மாற்ற அட்டவணை ஒன்று பின்னிணைப்பில் ஏற்கெனவே இருக்கிறது என்றார்கள். இருக்கிறது, கடைசிப் பாடத்துக்குப் பின்னால், தனிக் கோப்பாக. வேண்டியது அதுவல்ல. 2 என்று எழுதும் இடத்திலேயே, அதே எழுத்தளவில், 55 என்றும் எழுத வேண்டும்.

தம்பிக்கு நேற்றிரவு நான் எழுதியது: கட்டணம் பாதியானாலும் இப்போது சேர வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் நிலையத்துக்கு வாருங்கள், தைரொயிட் பாடத்தை நானே சொல்லித் தருகிறேன். என் சந்தா மே மாதத்தில் முடிகிறது. அதற்குள் இரண்டாவது அலகு வராவிட்டால் நானும் புதுப்பிக்கப் போவதில்லை.