மழைநீர் வடிகால் பராமரிப்பு: சென்னை மாநகராட்சிக்கு எத்தனை மதிப்பெண்?

சென்னை மாநகராட்சியின் வடிகால் பணியை எடைபோட மழை நாளைவிட ஆகஸ்ட் மாதமே ஏற்றது. தூர்வாரும் வேலை அப்போது நடக்கும். வடிகால் மூடிகள் திறந்திருக்கும். உள்ளே எவ்வளவு வண்டல் கிடக்கிறது, எந்தக் குழாய் எதற்குள் நுழைந்திருக்கிறது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். நவம்பரில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று பார்த்தால் விளைவு மட்டுமே தெரியும், காரணம் தெரியாது.

முதலில் பாராட்டவேண்டியதைப் பாராட்டிவிடலாம். 2021 நவம்பர் 6 இரவு தொடங்கி மறுநாள் காலைக்குள் நுங்கம்பாக்கத்தில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டியபோது தி.நகரும் ஆழ்வார்பேட்டை சீத்தம்மாள் காலனியும் நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்தன. அதன்பின் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி வெ. திருப்புகழ் தலைமையில் குழு அமைந்தது. சிங்காரச் சென்னை 2.0 நிதியில் நகரின் மையப் பகுதிகளில் புதிய வடிகால்கள் வந்தன. 2022 பருவமழையில் அந்தப் பகுதிகள் முன்பைவிட விரைவாக வடிந்ததைப் பலரும் பார்த்தார்கள். தெருத் தெருவாக ஒட்டுப்போடாமல் ஆற்றுப்படுகை வாரியாகத் திட்டமிடத் தொடங்கியதுதான் இதில் பெரிய மாற்றம். அடையாறு, கூவம் படுகைகளுக்கு உலக வங்கி, வடசென்னையின் கொசஸ்தலையாறு படுகைக்கு ஆசிய வளர்ச்சி வங்கியின் 25.1 கோடி டாலர் கடன், தெற்கே கோவளம் படுகைக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வங்கி என்று பணம் வந்தது. கட்டுமானத்துக்கு ஐந்துக்கு மூன்றரை தரலாம்.

மீதி ஒன்றரை ஏன் குறைகிறது என்பதற்குத் தெரு வடிகாலின் கணக்கைப் பார்க்கவேண்டும். ஒரு ஹெக்டேர், அதாவது சுமார் இரண்டரை ஏக்கர் நிலத்தில் 5 செ.மீ. மழை பெய்தால் 5 லட்சம் லிட்டர் தண்ணீர் சேரும். கான்கிரீட்டும் தாரும் நிறைந்த பகுதியில் அதில் ஐந்தில் நான்கு பங்கு ஓடிவரும் என்று கொள்ளலாம். மழை ஒரு மணி நேரத்தில் பெய்துவிட்டால் நொடிக்கு 110 லிட்டரை வடிகாலுக்குள் தள்ளியாகவேண்டும். சாலையோரத்து மழைநீர் உள்வாங்கியை வடிகாலோடு இணைக்கும் 150 மி.மீ. குழாயில் தண்ணீர் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடினால் சுமார் 18 லிட்டர்தான் போகும். ஆக, அந்த ஒரு ஹெக்டேருக்கு அடைப்பில்லாத குழாய் ஆறு ஏழாவது வேண்டும். நடப்பில் பாதிக் குழாய்களின் வாயில் பால் கவரும் இலைச் சருகும் அடைத்திருக்கும். உள்ளே பெரிய கான்கிரீட் வடிகால் பாதி காலியாகக் கிடக்க, மேலே தெரு நிரம்பி வழிவது இதனால்தான். புதிதாகக் கட்டும்போது குழாய்க்குப் பதில் நடைபாதை விளிம்பிலேயே அகலமான திறப்பு வைத்து, அதன் அடியில் வண்டல் தங்கும் தொட்டியும் அமைப்பது நல்லது. ஆனால் அந்தத் தொட்டி நிரம்பியபின் அள்ளப்படாவிட்டால் அதுவே அடைப்பாகிவிடும். பருவமழைக்கு முன் ஒருமுறை அள்ளினால் போதாது. முதல் கனமழைக்குப் பிறகும் உடனே அள்ளவேண்டும்.

சாலை மட்டமும் இதோடு சேர்ந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுச்சாலை போட்டால் உள்வாங்கியின் வாய் பாதி மூடிவிடும், வீட்டு வாசல் பள்ளமாகிவிடும். சுரண்டிவிட்டுத்தான் போடவேண்டும் என்று 2021இல் அரசே உத்தரவிட்டது. உங்கள் தெருவில் சாலை போடும் அன்று சுரண்டும் இயந்திரம் வந்ததா என்று பாருங்கள்.

தூர்வாருதலுக்கு வருவோம். மதிப்பெண் அதிகம் போகும் இடம் இது. வடிகாலின் மேல் சில மீட்டருக்கு ஒன்றாக மூடிகள் உண்டு. மூடிக்கு நேர் கீழே கிடக்கும் சேற்றை மட்டும் அள்ளிவிட்டு, இரண்டு மூடிகளுக்கு நடுவே இருப்பதை அப்படியே விட்டுவிடுவதுதான் வழக்கமான குறை. கண்டுபிடிப்பது எளிது. ஒரு மூடியில் டார்ச் அடித்து, அடுத்த மூடியில் நீளக் கம்பில் கட்டிய கண்ணாடியை இறக்கிப் பாருங்கள். சுத்தமான வடிகால் என்றால் அதன் வாய் அடிவரை முழுதாக வெளிச்சத்தில் தெரியும். வண்டல் மேடு இருந்தால் அடிப்பகுதி வெட்டுப்பட்டிருக்கும். எக்காரணம் கொண்டும் உள்ளே இறங்க வேண்டாம். கழிவுநீர் கலந்த வடிகாலில் விஷவாயு இருக்கும்.

"கொஞ்சம் வண்டல்தானே" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 90 செ.மீ. அகலம், 90 செ.மீ. ஆழம் உள்ள பெட்டி வடிகாலில் 30 செ.மீ. வண்டல் படிந்தால் போவது மூன்றில் ஒரு பங்கு இடம்தான். ஆனால் தண்ணீர் கடத்தும் திறனில் சுமார் 40 விழுக்காடு போய்விடும். சரிவு மிகக் குறைவான சென்னையில் இந்த இழப்பை ஈடுகட்ட வேறு வழியில்லை. இந்த அளவு வண்டல் 100 மீட்டர் நீளத்தில் 27 கனமீட்டர் வரும், அதாவது ஒன்பதரை யூனிட் (ஒரு யூனிட் 100 கனஅடி). மூன்று யூனிட் லாரியில் மூன்று லோடுக்கு மேல் போயிருக்கவேண்டும். தள்ளுவண்டி மட்டும் வந்துபோன தெருவில் 100 மீட்டர் தூர்வாரப்பட்டதாகக் கணக்கு இருந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எம்-புக் (செய்த வேலையின் அளவைக் குறிக்கும் புத்தகம்) பதிவையும் வண்டல் கொட்டிய இடத்தின் ரசீதையும் கேளுங்கள். இத்தனை கிலோமீட்டர் தூர்வாரினோம் என்று அறிவிப்பதற்குப் பதில், இத்தனை கனமீட்டர் அகற்றினோம் என்று வார்டு வாரியாக மாநகராட்சி வெளியிட்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

அள்ளிய சேற்றைச் சாலையோரம் குவித்து, நீர் வடிவதற்காக ஒருநாள் விடுவது சரி. ஒரு வாரம் விட்டால் அடுத்த மழையில் அது திரும்ப உள்ளே போய்விடும்.

கழிவுநீர் கலப்பதை மாநகராட்சியின் குறையாக மட்டும் சொல்வது நியாயமில்லை. வீட்டுக் கழிவுநீர்க் குழாயை மழைநீர் வடிகாலில் செருகியவர்கள் குடியிருப்போரும் கடைக்காரர்களும்தான். கோடையிலும் வடிகாலில் தண்ணீர் ஓடினால் அது கழிவுநீர். அதன் கசடும் எண்ணெய்ப் பிசுக்கும் வண்டலைக் களிபோல இறுக்கிவிடும், மண்வெட்டிக்கு வராது. அப்போது ஜெட் அடித்து இளக்கி, சூப்பர் சக்கர் லாரியால் உறிஞ்சவேண்டியிருக்கும். செலவு பல மடங்கு. எதிர்த்திசையிலும் தவறு நடக்கிறது. தெருவில் தண்ணீர் நின்றதும் கழிவுநீர் மேன்ஹோலைத் திறந்துவிடுகிறார்கள். அது தாங்காமல் அடுத்த தெரு வீட்டுக் கழிப்பறையில் பொங்கி வரும்.

கடைசிக் கண்ணி கடைமுகம். தெரு வடிகால் கால்வாயில் சேரும் அந்த இடத்தில், கால்வாயின் நீர்மட்டம் வடிகாலைவிட உயர்ந்துவிட்டால் தண்ணீர் பின்னுக்குத் தள்ளும். அங்கே ஒருவழிக் கதவு இருக்கவேண்டும். பிளாஸ்டிக் சிக்கி அது பாதி திறந்தபடி நின்றால் இல்லாததற்குச் சமம். பட்டாளம், புளியந்தோப்பு போன்ற தாழ்வான இடங்களில் ஆண்டுதோறும் தண்ணீர் நிற்பதற்கு, அங்கிருந்து நீர் போய்ச்சேரும் ஓட்டேரி நல்லா ஓடையும் பக்கிங்காம் கால்வாயும் நிரம்பி நிற்பது முக்கியக் காரணம். பெரிய ஆறுகளும் பக்கிங்காம் கால்வாயும் நீர்வளத் துறையிடம், தெரு வடிகால் மாநகராட்சியிடம், கழிவுநீர் குடிநீர் வாரியத்திடம், அண்ணா சாலை போன்றவை நெடுஞ்சாலைத் துறையிடம். ஒரே மழைத்துளி நான்கு அலுவலகங்களைத் தாண்டித்தான் கடலுக்குப் போகிறது.

அவசரகாலப் பணிக்கு ஐந்துக்கு நான்கு. டிராக்டரில் பொருத்திய பம்புகளைத் தாழ்வான தெருக்களிலும் சுரங்கப்பாதைகளிலும் முன்கூட்டியே நிறுத்துவது நல்ல பழக்கமாகிவிட்டது. ஒரு எச்சரிக்கை: நிரம்பிய வடிகாலுக்குள்ளேயே பம்ப் நீரைக் கொட்டினால் அது இருநூறு மீட்டர் தள்ளி மறுபடி தெருவுக்கு வரும். குழாயின் மறுமுனை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் இரண்டு நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியதுபோன்ற மழையை எந்தத் தெரு வடிகாலும் தாங்காது. அதற்குக் குளமும் சதுப்பு நிலமும்தான் வேண்டும். 2024இல் கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தில் குளங்கள் வெட்டியது அந்த வகையில் சரியான முடிவு. அதேபோல, மணற்பாங்கான கிழக்குக் கடற்கரைச் சாலைப் பகுதியில் நீர் தானாகவே நிலத்தில் இறங்கும்போது கான்கிரீட் வடிகால் எதற்கு என்று கோவளம் படுகைத் திட்டத்தை எதிர்த்தவர்கள் கேட்டதும் நியாயமான கேள்விதான்.

தூர்வாருதலுக்கு ஐந்துக்கு இரண்டு. தகவல் தருவதற்கும் இரண்டு. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மக்கள் மேம்பாலத்தில் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவர்கள் போட்ட மதிப்பெண் இதைவிடக் குறைவு.

புகாருக்கு 1913 அல்லது நம்ம சென்னை செயலி. கழிவுநீர் என்றால் குடிநீர் வாரியத்தின் 1916. "தண்ணீர் நிற்கிறது" என்று மட்டும் சொன்னால் பம்ப் வரும், போகும், புகார் முடிந்ததாகிவிடும். மழை நின்று எத்தனை மணி நேரம் கழித்தும் தண்ணீர் நிற்கிறது, எந்தக் கதவு எண்ணிலிருந்து எந்தக் கதவு எண் வரை, அருகிலுள்ள மூடியைத் திறந்தால் வடிகால் நிரம்பியிருக்கிறதா காலியா என்று சொல்லுங்கள். காலி என்றால் உள்வாங்கியில் அடைப்பு, அரை மணி நேர வேலை. நிரம்பியிருந்தால் கோளாறு கீழ்ப்புறத்தில். அப்போது கடைமுகத்தின் படத்தையும் சேர்த்து வார்டு உதவிப் பொறியாளருக்கு அனுப்புங்கள். ஜூலையிலேயே அனுப்பினால் டெண்டருக்குள் வரும். அக்டோபரில் அனுப்பினால் பம்ப்தான் வரும்.