பெட்டியைத் திறக்கும் முன் மீட்டரை எடுக்கும் கடை: காரைக்குடியில் ஒரு கார் ஆடியோ பணிமனை

தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்கு இரவில் திரும்பும்போதெல்லாம் என் காரின் ஆம்ப்ளிஃபையர் பாட்டின் நடுவே அணைந்துவிடும். ஏ.சி.யும் ஹெட்லைட்டும் ஓடிக்கொண்டிருக்க, தவில் ஓங்கி ஒலிக்கும் இடத்தில்தான் அது நிகழும். பச்சை விளக்கு சிவப்பாகும், சில நொடிகள் சத்தமே இருக்காது, பிறகு தானாகவே மறுபடி பாடத் தொடங்கும். வேறொரு ஊரில் நான் முதலில் காட்டிய கடையில், மின்சாரத்தை அளக்கும் ஒரு மீட்டரைக்கூடக் கையில் எடுக்காமல், ஆம்ப் போய்விட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். பதினோராயிரம் ரூபாய் செலவழிக்க மனம் வராமல்தான், நண்பர் ஒருவர் சொல்லக் கேட்டு, காரைக்குடி செக்காலைப் பகுதியில் ஒரு சந்துக்குள் இருவர் மட்டும் நடத்தும் இந்தப் பணிமனைக்கு வண்டியைக் கொண்டுபோனேன்.

பெரியவர் கேட்ட முதல் கேள்வியே எனக்கு நம்பிக்கை தந்தது: "எஞ்சின் ஓடுறப்ப அணையுதா, நிறுத்தி வச்சுக் கேக்குறப்பவும் அணையுதா?" பதிலைக் கேட்டுக்கொண்டு பானட்டைத் திறந்து அளந்தார். எஞ்சின் நின்றிருந்தபோது பேட்டரியில் 12.6 வோல்ட், ஓடும்போது 14.1. டிக்கியில் ஆம்பின் முனைகளில், பாட்டு இல்லாமல், 14.0 காட்டியது. பெரும்பாலான கடைகளில் சோதனை இத்துடன் முடிந்து, மின்சாரம் சரியாக இருக்கிறது, கோளாறு ஆம்ப் பெட்டிக்குள்தான் என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். இவர் அதன் பிறகுதான் வேலையைத் தொடங்கினார். ஏ.சி.யையும் ஹெட்லைட்டையும் போட்டு, பேஸ் மிகுந்த ஒரு பாட்டை உரக்க ஓடவிட்டு மீண்டும் அளந்தபோது, பேட்டரியில் 13.6 இருக்க, ஆம்பின் முனைகளில் 11.0 மட்டுமே இருந்தது.

ஒயரிலும் இணைப்பிலும் உள்ள மின்தடை, கரன்ட் பாயும்போது மட்டுமே தன்னைக் காட்டிக்கொள்ளும். 0.05 ஓம் என்பது சாதாரண மீட்டரில் பிடிபடாத சிறிய தடை. ஆனால் அதன் வழியே 40 ஆம்பியர் பாய்ந்தால் 2 வோல்ட் அங்கேயே வெப்பமாகித் தொலைந்துபோகும். உள்ளே வரும் வோல்டேஜ் ஓர் எல்லைக்குக் கீழே விழுந்தால், ஆம்பின் பாதுகாப்புச் சுற்று அதை நிறுத்திவிடும். என் ஆம்ப் தன் கடமையைத்தான் செய்துகொண்டிருந்தது.

தொலைந்த 2.6 வோல்ட் எங்கே போனது என்பதையும் அவர் ஊகத்துக்கு விடவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறு முனையை ஆம்பின் பாசிட்டிவிலும் வைத்தார், 0.7 வோல்ட். அடுத்து, பேட்டரியின் நெகட்டிவுக்கும், கார் பாடியோடு இணைக்கப்படும் ஆம்பின் எர்த் முனைக்கும் இடையே வைத்தார், 1.9 வோல்ட். முக்கியக் குற்றவாளி எர்த்! முன்பு பொருத்தியவர் பெயின்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஒரு சிறு திருகாணியை முடுக்கியிருந்தார். இவர்கள் தகரம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, ஒயர் நுனியில் மாட்டும் உலோக வளையமான லக்கை ஒயரோடு சரியாக அழுத்திப் பிடிக்கவைத்து, போல்ட்டும் நட்டும் போட்டு முடுக்கி, துரு பிடிக்காதிருக்க மேலே வாசலின் தடவினார்கள்.

பாசிட்டிவ் ஒயரைச் சீவிப் பார்த்தபோது, உள்ளே செம்பு பூசிய அலுமினியம் இருந்தது. அதே தடிமனில் அது செம்பின் கடத்துதிறனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் தரும். தூய செம்பு ஒயரை இழுத்து, பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் போட்டார்கள். ஆம்பிலேயே ஃபியூஸ் இருக்கிறதே என்று நான் கேட்டதற்கு, நடுவழியில் ஒயர் தேய்ந்து பாடியைத் தொட்டால் அந்த ஃபியூஸுக்குத் தெரியவே தெரியாது, ஒயர்தான் எரியும் என்று விளக்கினார்.

மின்சாரத்தைச் சேமித்துவைத்துத் திடீர்த் தேவைக்குத் தரும் பெரிய கெபாசிட்டர் ஒன்றும் வைத்துவிடலாமா என்று கேட்டேன். விற்பனைக்கு வைத்திருந்தும் வேண்டாம் என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1 ஃபாரட் கெபாசிட்டர் 14 வோல்ட்டிலிருந்து 13க்கு இறங்கும்போது தருவது 13.5 ஜூல், 500 வாட் இழுக்கும் ஆம்புக்கு அது ஒரு நொடியின் முப்பதில் ஒரு பங்குக்குக்கூடத் தாங்காது. தன் கடையில் உள்ள பொருளை வாங்காதே என்று சொல்லும் நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். மின்வேதியியல் ஆராய்ச்சிக்காக 1948இல் நடுவண் நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்ட ஊர் இது. இங்கே அளந்து பார்த்துப் பேசும் ஒரு பணிமனை இருப்பது எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது.

உண்மையிலேயே பெட்டிக்குள் கோளாறு இருந்தால் என்ன செய்வார்கள் என்பதை, சித்தப்பா மகனின் ஆம்பை அவர்கள் பழுதுபார்த்தபோது கண்டேன். அதில் போட்ட கணமே ஃபியூஸ் எரியும். நேராக மின்சாரம் கொடுக்காமல், கரன்ட்டைக் கட்டுப்படுத்த ஹெட்லைட் பல்பு ஒன்றை வரிசையில் இணைத்துக் கொடுத்தார்கள். பல்பு முழு வெளிச்சத்தோடு எரிந்ததால் உள்ளே ஷார்ட் என்பது உறுதியானது. 12 வோல்ட்டை உயர்த்தித் தரும் பகுதியில் சுவிட்ச் போல வேலை செய்யும் மாஸ்ஃபெட்களில் ஒன்று போயிருந்தது. ஒன்றை மட்டும் மாற்றினால் பழையவற்றோடு சுமை சமமாகப் பங்கிடப்படாது என்று சொல்லி, அந்த வரிசை முழுவதையும், அவற்றின் கேட் முனைகளில் உள்ள ரெசிஸ்டர்களோடு சேர்த்து மாற்றினார்கள். அவற்றை இயக்கும் ஐசியிலிருந்து வரும் துடிப்பை, மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பில் பார்த்த பிறகே பல்பை எடுத்தார்கள்.

குறைகளும் உண்டு. அரை நாள் என்று சொன்ன வேலை ஒன்றரை நாள் இழுத்தது. வண்டியை நிழலில் நிறுத்த இடமில்லை. மூன்று மாத உத்தரவாதம் வாய்ச்சொல்லாகவே இருக்கிறது. அளவுகளை ஒரு தாளில் எழுதித் தந்தால் வாடிக்கையாளருக்குப் பேருதவியாக இருக்கும். ஒயர், ஃபியூஸ், கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 4,200 ரூபாய் ஆனது. இப்போது அதே பாட்டு, அதே சத்தத்தில், பேட்டரியில் 13.6 இருக்கும்போது ஆம்பில் 13.3 நிற்கிறது.

போக விரும்புகிறவர்கள் ஆம்பை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். என்னுடையதை அப்படிக் கொண்டுபோயிருந்தால், அவர்களுடைய மேசையில் அது குறையின்றிப் பாடியிருக்கும். வண்டியோடு, காலையிலேயே போய்விடுங்கள்.