முழங்காலுக்கு 10 சதவீதம்தானா? அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையின் மேல்முறையீட்டு வழிகள் எப்படி?

படைப்பணியில் வந்த முழங்கால் பாதிப்புக்கு இந்தத் துறை ஊனச் சதவீதம் ஒன்றை நிர்ணயிக்கும்; மாத உதவித்தொகை அதைப் பொறுத்தது. அது குறைவாக இருந்தால் மேல்முறையீடு செய்யலாம். துறையின் தீர்ப்புக் கடிதம் கைக்கு வந்ததும் அதிலுள்ள தேதியை வட்டமிட்டு வையுங்கள். அன்றிலிருந்து ஓராண்டுக்குள் மேல்முறையீடு போட்டால், ஜெயிக்கும்போது முதல் விண்ணப்பத் தேதியிலிருந்தே நிலுவைத் தொகை கேட்கலாம். தவறவிட்டால் பெரும்பாலும் புது விண்ணப்பத் தேதிதான் கணக்கு.

2019 பிப்ரவரி 19 முதல் மூன்று வழிகள் இருக்கின்றன. முழங்கால் வழக்குகளுக்கு எங்கள் முதல் தேர்வு, மூத்த அதிகாரி மறுபரிசீலனை. படிவம் 20-0996. இதில் புதிய ஆதாரம் எதையும் சேர்க்க முடியாது. புது எம்.ஆர்.ஐ.யை இணைத்து அனுப்பினால் பார்க்கவே மாட்டார்கள்; பலர் சறுக்குவது இங்கேதான். ஆனால் கோப்பிலேயே பிழை இருந்தால் இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. துறை வைத்திருக்கும் இலக்கு சராசரி 125 நாள்.

முழங்காலில் பிழை பெரும்பாலும் அளவெடுப்பில்தான் இருக்கும். முழுதாக மடங்கும் கால் 140 பாகை வரை போகும். 45 பாகையோடு நின்றால் 10 சதவீதம், 30 என்றால் 20, 15 என்றால் 30. நீட்டும்போது 10 பாகை குறைந்தால் 10 சதவீதம், 15 குறைந்தால் 20, 20 குறைந்தால் 30. மூட்டு நிலையில்லாமல் ஆடினால், துறையின் மதிப்பீட்டு அட்டவணையில் 5257 என்ற எண்ணின் கீழ் தனிச் சதவீதம் கேட்கலாம். கோணம் நன்றாக இருந்தும் அசைக்கும்போது வலி இருந்தால், துறையின் 4.59 விதிப்படி குறைந்தது 10 சதவீதம். நிறைய கடிதங்கள் இந்தப் பத்தோடு நின்றுவிடுகின்றன.

அதனால் துறைக்காகச் செய்த மருத்துவப் பரிசோதனையின் அறிக்கையைக் கேட்டு வாங்கி வரி வரியாகப் படியுங்கள். கோணம் அளக்கும் கருவியான கோனியோமீட்டரின் அச்சு முழங்காலின் வெளிப்பக்கத்தில் உட்கார வேண்டும். கருவியின் ஒரு கை தொடையோடு இடுப்பை நோக்கியும், மற்றது கெண்டைக்காலோடு கணுக்காலை நோக்கியும் போக வேண்டும். கண்ணளவில் 90 என்று எழுதிவிட்டுப் போவது விதிக்கே விரோதம். முன்னாள் படைவீரர் வழக்குகளுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016இல் கொரேயா என்பவரின் வழக்கில் தந்த தீர்ப்புப்படி, தானாக அசைக்கும்போதும் மருத்துவர் பிடித்து அசைக்கும்போதும், எடை தாங்கியும் தாங்காமலும் வலியைச் சோதிக்க வேண்டும். அடிபடாத மறுகாலையும் முடிந்தவரை அளக்க வேண்டும். அதே நீதிமன்றம் 2017இல் ஷார்ப் என்பவரின் வழக்கில் தந்த தீர்ப்பு இன்னும் முக்கியம். வலி உச்சத்தில் இருக்கும் நாளில் கால் எவ்வளவு மடங்கும் என்பதை, நோயாளியைக் கேட்டாவது மருத்துவர் கணித்தாக வேண்டும். "இன்று வலி கூடவில்லை, ஊகிக்க முடியாது" என்ற ஒற்றை வரி போதாது.

இவற்றில் ஒன்று விடுபட்டிருந்தாலும், மறுபரிசீலனைப் படிவத்தில் (20-0996) மூத்த அதிகாரியுடனான தொலைபேசி உரையாடலுக்கான கட்டத்தில் டிக் செய்யுங்கள். பேசும்போது வலியை விவரித்து நேரத்தைக் கரைக்க வேண்டாம். எந்தப் பக்கத்தில் எந்த அளவு இல்லை என்பதை மட்டும் சொல்லுங்கள். குறையை ஏற்றால் மறுபரிசோதனைக்கு அனுப்புவது அவர்கள் கடமை.

கோப்பில் ஆதாரமே இல்லையென்றால் துணை விண்ணப்பம், படிவம் 20-0995. எலும்பு மருத்துவரின் கோண அளவுகளோடு, வீட்டில் இருப்பவர் எழுதிய சாட்சியமும் வேண்டும். "கால் ரொம்ப வலிக்கும்" என்று எழுதினால் பயனில்லை. மாதத்தில் எத்தனை நாள், ஒவ்வொரு முறையும் எத்தனை மணி நேரம், அப்போது எத்தனை படி ஏற முடிகிறது, இதுதான் எடுபடும்.

மூன்றாவது, நீதிபதி விசாரிக்கும் மேல்முறையீட்டு வாரியம், படிவம் 10182. சட்டத்தை எப்படிப் பொருள்கொள்வது என்பதே சண்டை என்றால் சரி. வெறும் அளவுப் பிழைக்கு அங்கே ஓராண்டுக்கும் மேல் காத்திருப்பது வீண்.

அங்கீகாரம் பெற்ற படைவீரர் சங்கப் பிரதிநிதிகள் காசு வாங்காமல் வாதாடுவார்கள். வழக்கறிஞர் வைத்தால் நிலுவையில் 20 சதவீதம் வரை நியாயமான கட்டணமாகக் கொள்ளப்படுகிறது. "சதவீதம் ஏற்றித் தருகிறோம், வரப்போகும் மாத உதவித்தொகையில் பங்கு கொடுங்கள்" என்று வரும் அங்கீகாரமில்லாத ஆட்களிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.