120 வெள்ளி போலரைசர்: கடையில் நீலம், வெளியே பச்சை

77 மில்லிமீட்டர் சர்க்குலர் போலரைசர் (வானத்தின் நீலத்தைக் கூட்டவும் பளபளப்பைக் குறைக்கவும் லென்ஸ் முன் மாட்டும் ஃபில்டர்), மல்டி கோட்டிங் (பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு), 120 வெள்ளி. சிங்கப்பூர் நகர மையத்தில் ஒரு கேமரா கடை இப்படிச் சொல்லித்தான் விற்றது. பெட்டியிலும் அதுவே அச்சாகியிருந்தது. உள்ளே இருந்ததோ கோட்டிங்கே இல்லாத, மஞ்சள் சாயல் அடிக்கும் லீனியர் (எளிய வகை) போலரைசர். மரினா பேரேஜில் காலை 9 மணி வானம் மயில்கழுத்துப் பச்சையாக விழுந்தது. கடைக்காரர் பதில்: "உங்க கேமரா செட்டிங் தப்புண்ணே."

செட்டிங்கில் தப்பில்லை. ஏமாற்று நடந்தது கடையில் காட்டிய செய்முறையில். கண்ணாடி மேசையின் பளபளப்பு ஃபில்டரைத் திருப்பியதும் மறைந்தது. அது லீனியரிலும் மறையும். பிறகு கேமராத் திரையில் நல்ல நீலம் தெரிந்தது. கேமரா இருந்தது ஆட்டோ வைட் பேலன்ஸில், அதாவது நிறச் சமநிலையைக் கேமராவே சரிசெய்துகொள்ளும் முறையில். கண்ணாடியின் மஞ்சளுக்கு ஈடாக அதுவே நீலத்தைக் கூட்டிவிடும். வெளியே வந்து வைட் பேலன்ஸை 5500 கெல்வினில் (பகல் வெளிச்ச அளவு) நிறுத்தினால்தான் சாயம் வெளுக்கும்.

வாங்குமுன் கடையிலேயே பாருங்கள். எல்சிடி திரையுள்ள லேப்டாப்பில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, ஃபில்டரின் முன்பக்கம் திரையைப் பார்க்கும்படி பிடித்துச் சுழற்றினால் ஓரிடத்தில் இருண்டுபோக வேண்டும். இனி ஃபில்டரைப் புரட்டி, லென்ஸில் மாட்டும் மரை திரையைப் பார்க்கச் சுழற்றுங்கள். சர்க்குலர் என்றால் இருளாது, லேசாக நிறம் மட்டும் மாறும். சர்க்குலரில் மட்டும் கூடுதலாக இருக்கும் கால் அலைத் தகடு (ஒளியின் அலைவை மாற்றும் மெல்லிய படலம்) செய்யும் வேலை அது. இரண்டு பக்கமும் இருண்டால் லீனியர். இரண்டு பக்கமும் இருளவில்லை என்றால் வெறும் சாயக் கண்ணாடி! ஓஎல்இடி ஃபோனில் இதைச் செய்யாதீர்கள், குழப்பும்.

குழல்விளக்கின் பிம்பம் கண்ணாடியில் மங்கலான பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் கோட்டிங் உண்டு. வெள்ளைவெளேரென்று தெரிந்தால் இல்லை. சாயலுக்கு, ஒரே கெல்வினில் வெள்ளைத்தாளை ஃபில்டரோடும் இல்லாமலும் ரா (RAW) கோப்பாக எடுத்து ஒப்பிட்டால் போதும்.

"மிரர்லெஸ்ஸுக்கு லீனியரே போதும்" என்றும் கடையில் சொன்னார்கள். அது பெரும்பாலும் உண்மைதான். உள்ளே ஆடி உள்ள டிஎஸ்எல்ஆரில்தான் லீனியர் மாட்டினால், பாதி ஒளியை ஊடுருவவிடும் அந்த ஆடியால் ஃபோகஸும் ஒளி அளக்கும் மீட்டரும் தடுமாறும். அதற்காக லீனியரைச் சர்க்குலர் விலைக்கு விற்கலாமா?

ஆனால் எல்லாப் பழியையும் ஃபில்டர் மேல் போடவும் முடியாது. சூரியனுக்கு 90 பாகையில்தான் வானம் நன்றாகக் கறுக்கும். நம் ஊரில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலையில் நிற்பதால் வானத்தில் அந்தக் கறுத்த பட்டை தொடுவானத்துக்கு இறங்கி, ஈரப்பதமான மூட்டத்தில் கரைந்துவிடும். காலையிலும் மாலையிலும் வடக்கு, தெற்குப் பக்கம் திரும்பி எடுங்கள். 24 மில்லிமீட்டரும் அதற்குக் கீழும் உள்ள லென்ஸில் வானத்தின் நடுவே கருநீலத் திட்டு விழும். அதை எந்த விலை ஃபில்டரும் தடுக்காது. ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் ஒளி குறைவதும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது) இயல்பு.

பணத்தைத் திரும்பக் கேட்டதற்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள குறையுள்ள பொருள்களுக்கான 'லெமன்' சட்டப்படி, 6 மாதத்துக்குள் தெரியும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று கடைதான் நிரூபிக்க வேண்டும். பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் கொடுக்கலாம். அதிலும் தீரவில்லை என்றால் ஸ்மால் கிளெய்ம்ஸ் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரை விசாரிக்கும்.

ரசீதில் 'சர்க்குலர்' என்று எழுதி வாங்குங்கள், பெட்டியையும் வீசாதீர்கள். இந்தக் கடையின் ரசீதில் இருந்தது 'ஃபில்டர் 77' மட்டுமே. இப்போது கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்த அட்டைப்பெட்டிதான்.